எளிய பொருளும் அரிய மாதிரியும்



நவராத்திரிக் கொலுவிலோ பள்ளிப் பொருட்காட்சியிலோ அட்டையாலும் குச்சியாலும் செய்த சிறு வீடு ஒன்றைக் கண்டால், நாம் நம்மையறியாமலே அதன் முன் சற்று நின்றுவிடுகிறோம். குனிந்து அதன் வாயிலுக்குள் எட்டிப் பார்க்கிறோம். சன்னல் கதவு திறக்கிறதா, மாடிப்படியில் எத்தனைப் படிகள் என்று எண்ணிப் பார்க்கிறோம். பெரிய மாளிகையைப் பார்த்தவுடன் கடந்து செல்லும் கண், சிறிய மாளிகையின் முன் தங்கிவிடுகிறது. இது மனித இயல்பு.

ஆயினும் இத்தகைய மாதிரிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. அவை வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்பது ஒன்று. அவற்றை நுட்பமாகச் செய்வதற்கு மிகுந்த பணம் வேண்டும் என்பது மற்றொன்று. ‘எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் வசதி இல்லை, ஐயா’ என்று சொல்லி ஒதுங்கிய மாணவர்கள் பலரை என் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் வரலாறு என்ன விடை கூறுகிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் எகிப்து நாட்டிற்குச் செல்வோம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மெக்கெத்ரே என்னும் உயர் அரசு அலுவலர் ஒருவர் வாழ்ந்தார். தீப்ஸ் நகரத்திற்கு எதிரே உள்ள குன்றில் அவருடைய கல்லறை குடையப்பட்டிருந்தது. 1920ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வின்லாக் என்னும் அறிஞர், கொள்ளையரால் முன்பே சூறையாடப்பட்டிருந்த அக்கல்லறையின் வரைபடத்தை எழுதுவதற்காக அதைத் துப்புரவு செய்வித்தார். அப்போது கற்பொடி ஒரு வெடிப்பின் வழியே உள்ளே சரிந்து மறைவதைப் பணியாளர் ஒருவர் கவனித்தார். அந்த வெடிப்புக்கு அப்பால் யாரும் தீண்டாத சிறு அறை ஒன்று இருந்தது. அதனுள் வண்ணம் தீட்டிய மர மாதிரிகள் இருபத்து நான்கு இருந்தன. களஞ்சியம், ரொட்டி சுடும் இடம், தச்சர் பட்டறை, நெசவுக் கூடம், மாட்டுத் தொழுவம் ஆகியவை ஆட்களோடு அப்படியே அமைக்கப்பட்டிருந்தன. வீட்டுத் தோட்டம் ஒன்றும் அவற்றுள் இருந்தது. தூண்கள் தாங்கிய முகப்பு, அதன் எதிரே செப்புத் தகடு பதித்த சிறு குளம், குளத்தைச் சுற்றி அத்தி மரங்கள். மறுமையிலும் இவையெல்லாம் தமக்குக் கிடைக்க வேண்டும் என்பது அக்காலத்தாரின் நம்பிக்கை.

இது செல்வர் ஒருவரின் கதை. அந்நாட்டு ஏழைகள் என்ன செய்தார்கள்? அவர்களிடம் குடைந்த கல்லறையும் இல்லை. தச்சருக்குக் கொடுக்கக் கூலியும் இல்லை. ஆற்றங்கரைக் களிமண் மட்டும் இருந்தது. அம்மண்ணைப் பிசைந்து ஒரு தட்டுப்போல் செய்து, அதன் ஒரு பக்கத்தில் சிறு வீட்டை எழுப்பிச் சூளையில் சுட்டு, புதைகுழியின் மேல் வைத்தார்கள். 1906, 1907ஆம் ஆண்டுகளில் ரிஃபே என்னும் இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் அகழாய்வாளர் இவற்றைப் பெருந்தொகையாகக் கண்டெடுத்து, ‘ஆன்ம இல்லங்கள்’ என்று பெயரிட்டார். அவற்றில் மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டு உண்டு; முகப்புத் தூண்கள் உண்டு; தண்ணீர்ச் சாடி வைக்கும் இடமும் உண்டு. அக்காலத்து எளிய மக்களின் வீடுகள் பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டவை. அவற்றுள் மிகப் பல கரைந்து மண்ணோடு மண்ணாயின. அவை எவ்வாறு இருந்தன என்பதை அறிய, காசு பெறாத இந்தக் களிமண் வீடுகளே இன்று அறிஞர்களுக்குப் பெருந்துணையாக உள்ளன.

இதே செய்தியைச் சீன நாடு இன்னும் அழுத்தமாகக் கூறுகிறது. கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை அந்நாட்டை ஹான் மரபினர் ஆண்டனர். அவர்களுடைய அரண்மனைகளும் காவல் கோபுரங்களும் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. நெருப்பும் போரும் காலமும் அவற்றை விட்டுவைக்கவில்லை. இன்று சீனாவில் எஞ்சியுள்ள மரக் கட்டடங்களுள் மிகப் பழையது எனப்படும் நான்சான் கோயில் மண்டபம் 782ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்படியானால் அதற்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹான் காலத்துக் கோபுரம் எவ்வாறு இருந்தது? எத்தனை நிலைகள்? இறவாரத்தை எவை தாங்கின? கூரை எப்படிச் சரிந்தது? இந்த வினாக்களுக்குக் கல்லில் செதுக்கிய சில சின்னங்களோடு, கல்லறைகளில் வைக்கப்பட்ட சுடுமண் மாதிரிகளும் விடை கூறுகின்றன. பல நிலைக் கோபுரங்கள், கிணறுகள், களஞ்சியங்கள், பன்றிப்பட்டிகள் முதலியவற்றைக் குயவர்கள் மண்ணில் செய்து வைத்தார்கள். பேரரசரின் மரம் அழிந்தது. குயவரின் மண் நின்றது. பொருளின் விலைக்கும் அது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதுகாறும் கண்டவை, கட்டி முடித்தவற்றை நினைவில் வைக்கும் மாதிரிகள். இனி, கட்டுவதற்கு முன்னரே சிந்திப்பதற்காகச் செய்த மாதிரிகளைப் பார்ப்போம். அதற்கு நாம் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரத்திற்குச் செல்ல வேண்டும்.

அந்நகர மக்கள் பல தலைமுறைகளாகப் பெருங்கோயில் ஒன்றைக் கட்டிவந்தார்கள். அதன் நடுவே எண்கோண வடிவில் ஒரு திறப்பு இருந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர். அதன்மேல் குவிமாடம் எழுப்ப வேண்டும். வளைவைக் கட்டும்போது கீழே மரச்சட்டம் கொடுத்துத் தாங்குவது கொத்தர்களின் வழக்கம். அவ்வளவு உயரத்திலும் அகலத்திலும் அத்தகைய சட்டம் அமைப்பது எவருக்கும் எளிதாகத் தோன்றவில்லை. 1418ஆம் ஆண்டில் மாதிரிகளைக் கோரிப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற புருனெலெஸ்கி என்பவர், மரச்சட்டத்தின் துணையின்றியே குவிமாடத்தைக் கட்டலாம் என்றார். பலர் நகைத்தனர். அவர் சொற்போர் செய்து காலம் போக்கவில்லை. செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு பெரிய மாதிரி ஒன்றைச் சட்டமின்றியே கட்டிக் காட்டினார். 1420இல் வேலை தொடங்கியது. 1436இல் குவிமாடம் முடிந்தது. இன்றும் அது அந்நகரத்தின் முடியாக விளங்குகிறது.

அந்தச் செங்கல் மாதிரியைவிட எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று உண்டு. குவிமாடத்தின் கற்களை எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும், எவ்வாறு ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்பதைக் கொத்தர்களுக்கு விளக்குவது எப்படி? அவர்களுள் பலருக்கு வரைபடத்தைப் படிக்கத் தெரியாது. புருனெலெஸ்கி ஈரக் களிமண்ணிலும் மெழுகிலும் மரத்திலும் வடிவங்களைச் செய்து காட்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய மனேத்தி கூறுகிறார். குளிர்காலத்தில் சந்தைக்கு வரும் பெரிய டர்னிப் கிழங்குகளையும் வாங்கி, கத்தியால் செதுக்கிக் காட்டினாராம்! உலகம் வியக்கும் குவிமாடத்தின் நுட்பம், சந்தையில் வாங்கிய கிழங்கில் விளக்கப்பட்டது. பாடம் முடிந்த பின் அக்கிழங்கு என்னவாயிற்று என்று மனேத்தி எழுதவில்லை. சமையலறைக்குத்தான் சென்றிருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

மனேத்தி மற்றொரு செய்தியும் கூறுகிறார். புருனெலெஸ்கி தம் மாதிரிகளில் அணிவேலைகளைச் சேர்க்க விரும்பமாட்டார். முக்கியமான சுவர்களையும் அவை ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பையும் மட்டுமே காட்டுவார். அவருக்குச் சற்றுப் பிற்பட்ட அல்பெர்ட்டி என்னும் பேரறிஞரும் கட்டடக்கலை பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலில் இக்கருத்தையே வலியுறுத்தினார். வண்ணம் பூசி மினுக்கிய மாதிரி, பார்ப்பவரின் கண்ணை மயக்கிப் பகுதிகளை ஆராயவிடாமல் தடுக்கும். ஆகவே மாதிரி எளிமையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வறிவுரை பழையதாகவில்லை.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உரோம் நகரத்தில் நிகழ்ந்தது. அங்கே புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டும் பணி நடைபெற்றுவந்தது. தலைமைச் சிற்பியாக இருந்த அந்தோனியோ தா சங்கல்லோ, 1539ஆம் ஆண்டில் மரத்தால் ஒரு மாதிரியைச் செய்விக்கத் தொடங்கினார். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அம்மாதிரி முடிவதற்கு ஏழு ஆண்டுகள் சென்றன. அதற்கான செலவு நாலாயிரம் பொற்காசுகளைத் தாண்டியது. 1546இல் சங்கல்லோ இறந்தார். எழுபது வயதைக் கடந்திருந்த மைக்கலாஞ்சலோ அப்பொறுப்பை ஏற்றார். சங்கல்லோவின் திட்டத்தில் ஒளி போதிய அளவு உள்ளே புகாது. இருண்ட மூலைகள் மிகுதியாக இருக்கும் என்று அவர் குறை கண்டார். பின்பு தம் கருத்தைக் காட்டும் மாதிரி ஒன்றைப் பதினைந்து நாட்களில் செய்து முடித்தார். அதற்கு ஆன செலவு இருபத்தைந்து பொற்காசுகள். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து எழுதியவர் மைக்கலாஞ்சலோவின் காலத்தவரான வசாரி.

நாலாயிரம் எங்கே, இருபத்தைந்து எங்கே! சங்கல்லோவின் மர மாதிரி இன்றும் வாத்திக்கனில் பாதுகாக்கப்படுகிறது; அதன் கைவேலையை எவரும் பாராட்டுவர். ஆயினும் கோயில் அதன்படி எழவில்லை. சிந்தனையில் தெளிவு இருந்தால், செலவு குறைந்த மாதிரியே போதும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இலண்டன் நகரத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சி நடந்தது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அந்நகரத்துப் புனித பவுல் பேராலயம் எரிந்தது. அதைப் புதிதாகக் கட்டும் பொறுப்பேற்ற கிறிஸ்தபர் ரென், 1673, 1674ஆம் ஆண்டுகளில் கருவாலி மரத்தில் பெரிய மாதிரி ஒன்றைச் செய்வித்தார். ஓர் ஆள் உள்ளே நின்று பார்க்கக்கூடிய அளவு பெரியது அது. ஏறத்தாழ அறுநூறு பவுன் செலவாயிற்று. அக்காலத்தில் அத்தொகைக்கு நல்ல வீடே ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் கோயில் குருமார்கள் அத்திட்டத்தை ஏற்கவில்லை. மனம் வருந்திய ரென், இனி மாதிரிகளைப் பிறர் பார்வைக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்தார் என்பர். விலையுயர்ந்த மாதிரி தன்னளவில் வெற்றியைத் தேடித் தருவதில்லை.

இங்கே அறிவியல் மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, சிறிய மாதிரி நின்றுவிட்டால், அதே வடிவில் கட்டிய பெரிய கட்டடமும் நிற்கும் என்று நம்பலாமா?’ என்று கேட்கக்கூடும். மிக நல்ல கேள்வி. அப்படி நம்பலாகாது என்பதை 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் கலிலியோ நிறுவினார். ஒரு தூணை எல்லாப் பக்கங்களிலும் பத்து மடங்கு பெரிதாக்குவதாகக் கொள்வோம். அதன் எடை பத்து, பத்து, பத்து எனப் பெருகி ஆயிரம் மடங்காகிறது. அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிடப் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. எறும்பின் காலை யானைக்கு வைக்க இயலாது என்பது இதனால்தான். மாதிரி சொல்லும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. எதைக் கேட்டால் அது உண்மை சொல்லும் என்பதை அறிந்து கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த அந்தோனி கவுதி. பார்சிலோனா நகரத்திற்கு அருகே ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் கோயில் கட்டித் தருமாறு 1898ஆம் ஆண்டில் அவரைக் கேட்டுக்கொண்டார்கள். வளைவுகளின் சரியான வடிவத்தைக் காண அவர் கையாண்ட பொருள் என்ன தெரியுமா? நூல்! ஒரு சங்கிலியை இரு முனைகளிலும் பிடித்துத் தொங்கவிட்டால் அது இயல்பாக ஒரு வளைவாக அமைகிறது. அவ்வளைவை அப்படியே தலைகீழாக்கினால், தன் எடையைத் தானே தாங்கி நிற்கும் கல்வளைவின் வடிவம் கிடைக்கும். இவ்வுண்மையை இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் 1675ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருந்தார். கவுதி கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார். எங்கெங்கே சுமை விழுமோ, அங்கெல்லாம் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். நூல்கள் தாமே வடிவம் கொண்டன. அதை நிழற்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கோயில் நிமிர்ந்து நின்றது!

கலிலியோவின் எச்சரிக்கை இங்கே என்னவாயிற்று? நூல் மாதிரி, கல்லின் வலிமையைச் சொல்ல முற்படவில்லை. சுமைகளுக்கு ஏற்ற வடிவத்தை மட்டுமே சொல்கிறது. சுமைகளெல்லாம் ஒரே விகிதத்தில் கூடினால் அவ்வடிவம் மாறுவதில்லை. ஆகவே சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்ல அது நல்ல வழிகாட்டியாயிற்று. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அம்மாதிரியோடு உழைத்த பின் 1908இல் கட்டட வேலை தொடங்கியது. 1914இல் பணி நின்றுவிட, கோயிலின் கீழ்த்தளம் மட்டுமே இன்று உள்ளது.

கவுதியின் வாழ்நாள் பணியான ‘சக்ராத ஃபமீலியா’ என்னும் பெருங்கோயிலின் கதை இதைவிட உருக்கமானது. 1926ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது அக்கோயிலில் சிறு பகுதியே முடிந்திருந்தது. அவர் தம் எண்ணங்களைப் பெரும்பாலும் சாந்து மாதிரிகளில் விட்டுச் சென்றார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பட்டறைக்குத் தீ வைக்கப்பட்டது, மாதிரிகள் நொறுக்கப்பட்டன. ஆனால் அவருடைய மாணாக்கர்கள் அச்சில்லுகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்து வைத்தார்கள். உடைந்த துண்டுகளை ஒட்ட வைத்து, அவற்றின் வளைவுகளை அளந்தே பிற்காலத்தவர் கோயிலைத் தொடர்ந்து கட்டினார்கள். ஒரு பேராலயத்தின் எதிர்காலம் உடைந்த சாந்துத் துண்டுகளில் அடங்கியிருந்தது.

அழிந்ததைக் காக்கும் மாதிரிக்கும் ஐரோப்பாவில் சிறந்த சான்று உண்டு. கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்பெய் நகரத்தை 1748 முதல் அகழ்ந்தெடுத்து வந்தார்கள். இத்தாலியில் பண்டைய இடிபாடுகளைத் தக்கையில் செய்யும் கலை முன்னரே சிறந்து விளங்கியது. தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. புட்டிகளை அடைக்கப் பயன்படுவது. சொரசொரப்பும் சிறு துளைகளும் உடைய அது, சிதைந்த கல்லையும் செங்கல்லையும் போலவே தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாம்பெயில் அதுவரை அகழப்பட்ட பகுதியை நூற்றில் ஒரு பங்கு அளவில் தக்கை, மரம், சாந்து, காகிதம் ஆகியவற்றால் செய்தார்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம். சுவர் ஓவியங்களையும் தரையில் பதித்த கற்கோலங்களையும் சிறு அளவில் வரைந்து உரிய இடங்களில் வைத்தார்கள்.

பின்னர் நடந்தது என்ன? வெயிலும் மழையும் பட்டு உண்மை நகரத்து ஓவியங்கள் பல மங்கி உதிர்ந்தன. 1943ஆம் ஆண்டில் உலகப் போரின் குண்டுகளும் அங்கே விழுந்தன. இன்று பாம்பெயின் சில சுவர்களில் என்ன இருந்தது என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்கள், அச்சிறு நகரத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். மாதிரி இங்கே சாட்சியாகிவிட்டது.

தக்கைக்கு நிகரான பொருள் நம் தமிழகத்திலும் உண்டு. குளங்குட்டைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உட்சதையை நீங்கள் அறிந்திருக்கலாம். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதை மெல்லிய கத்தியால் சீவி, துண்டு துண்டாக ஒட்டி, பெரிய கோயிலின் விமானத்தை நிலை நிலையாக எழுப்பிக் காட்டுகிறார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் தந்தம் என்றே மயங்குவர். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. யானைத் தந்தத்திற்கு உலகமே விலை பேசிய காலத்தில், குளத்துச் செடி ஒன்றைத் தந்தமாக்கிய கை அது.

இனி, உங்களுக்கு ஆசிரியன் என்ற முறையில் சில சொற்கள் கூறுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் பொருட்காட்சி நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை மாதிரியாகச் செய்து கொண்டுவந்தான். அவன் தந்தை கொத்தனார். பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டையே சுவர். தென்னை ஈர்க்கே உத்தரமும் கைமரமும். காய்ச்சிய மாவே பசை. பார்வைக்கு அது மங்கலாக இருந்தது. அதன் பக்கத்தில், கடையில் வாங்கிய உறுப்புகளால் செய்து மின்விளக்கு எரியவிட்ட மாளிகை ஒன்று இருந்தது. முதற்பரிசை நான் அந்த மாளிகைக்கு அளித்தேன். அம்மாணவன் ஒன்றும் பேசவில்லை. மாதிரியை எடுத்துச் செல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஓவிய ஆசிரியர் அதை வீணாக்க மனமின்றித் தம் அலமாரியின் மேல் வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் பழைய கட்டடம் பழுதுற்று இடிக்கப்பட்டது. பள்ளியின் ஆண்டு மலருக்காக அதன் படத்தை வரைய எண்ணியபோது அளவுகள் எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த அட்டை வீட்டை இறக்கித் தூசு தட்டிப் பார்த்தோம். அடிப்பலகையின் கீழ், ஒவ்வொரு சுவரின் நீளமும் தூணின் உயரமும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. தாழ்வாரத்துத் தூண்கள் சம இடைவெளியில் இல்லை என்பதை அங்கே இருபது ஆண்டுகள் நடந்த எங்களுள் எவரும் கவனித்ததில்லை, அவன் கவனித்திருந்தான். மலரில் வெளியான படம் அம்மாதிரியைப் பார்த்து வரைந்ததே. என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த பிழைகளுள் அந்தப் பரிசும் ஒன்று. இன்று இத்தலைப்பில் நான் பேச முன்வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, மாதிரி செய்ய விரும்பும் நீங்கள் கடைக்குச் செல்வதற்கு முன்பு, கட்டடத்தின் அருகே செல்லுங்கள். நீளத்தை நூலால் அளக்கலாம். உயரத்தை அளக்க ஏணி வேண்டியதில்லை. ஒரு மீட்டர்க் கோலை நட்டு அதன் நிழலை அளந்து, அதே வேளையில் கட்டடத்தின் நிழலையும் அளந்தால், ஒத்த முக்கோணங்களைப் பற்றி வகுப்பில் நீங்கள் கற்றது உயரத்தைச் சொல்லிவிடும். செங்கல் வெளியே தெரியும் சுவராயின் வரிசைகளை எண்ணியும் கணக்கிடலாம்.

அடுத்து, அளவு விகிதத்தை முடிவு செய்யுங்கள். நூற்றில் ஒரு பங்கு என்றால் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகிறது, கணக்கு எளிது. அவ்விகிதத்தில் ஆளின் உயரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்கூட இராது. 23 சென்டிமீட்டர்ச் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தடித்த அட்டை ஒன்றிரண்டை ஒட்டினால் போதும். ஒரு செங்கல்லின் உயரமோ ஒரு மில்லிமீட்டரையும் எட்டாது. அதைத் தனித்தனியே ஒட்ட முயல்வது வீண். கூரிய பென்சிலால் கோடிட்டுக் காட்டினால் கண் அதைச் செங்கல்லென்றே கொள்ளும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் அறிவு இங்கேதான் பிறக்கிறது.

பொருள்கள் உங்கள் வீட்டிலேயே உள்ளன. பெட்டி செய்யும் நெளி அட்டையின் ஒரு பக்கத் தாளை நனைத்து உரித்தால், உள்ளே இருக்கும் நெளிவு ஓட்டுக் கூரையின் வரிசைபோல் அமையும். உப்புத்தாள் மணல் முற்றமாகும். ஆறிய காப்பி வடிநீரை மெல்லத் தடவினால், புதிய சுவருக்கு ஐம்பது ஆண்டு முதுமை வந்துவிடும். இவற்றோடு ஒரு கூரிய கத்தியும் ஓர் இரும்பு அளவுகோலும் வேண்டும். கத்தியைப் பயன்படுத்தும்போது இளையவர்கள் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் எல்லா அளவுகளையும் நாளையும் அடிப்பலகையில் எழுதுங்கள். இதை மட்டும் மறவாதீர்கள்.

நம் ஊர்களில் எத்தனையோ பழைய கட்டடங்கள் ஆண்டுதோறும் மறைந்து வருகின்றன. திண்ணை வைத்த வீடுகள், சுமைதாங்கிக் கற்கள், சத்திரங்கள், ஓட்டுக் கூரைப் பள்ளிகள் ஆகிய அனைத்தையும் நம்மால் இடிபடாமல் தடுத்துவிட முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு முழ நீள அட்டைப் பலகையின்மேல் நிறுத்திவைக்க உங்களால் முடியும். எகிப்தின் ஏழைக்குக் களிமண் போதியதாயிருந்தது; புருனெலெஸ்கிக்குக் கிழங்கு போதியதாயிருந்தது; கவுதிக்கு நூல் போதியதாயிருந்தது. உங்கள் தெருவில் இடிபடக் காத்திருக்கும் வீடு எது என்று இன்று மாலையே சென்று பாருங்கள். அளக்கும் நூலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.